முதியோர் இல்லத்தில் மருந்து கொடுக்கும் முறை: அசல் பெட்டியா, மாத அட்டையா, வேளைப் பொட்டலமா?

முப்பது பேர் தங்கியிருக்கும் இல்லம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு எட்டு மருந்து. காலை வேளைக்கு ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 150 நிமிடம். எட்டு மணிக்கு வண்டியைத் தள்ளத் தொடங்கிய செவிலியர் கடைசி அறைக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. அந்த அறையில் இருப்பவருக்கு நாளுக்கு நான்கு வேளை பாராசிட்டமால் என்றால், அடுத்த வேளை பன்னிரண்டு மணிக்கு. குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டிய மருந்து ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி உள்ளே போகிறது. இங்கே யாரும் அசட்டையாக இல்லை, யாரும் மாத்திரையை மாற்றி எடுக்கவும் இல்லை. ஏற்பாடே அப்படி அமைந்திருக்கிறது.

இப்படிப்பட்ட சிக்கலுக்கு வழி தேடும்போது நிர்வாகத்தின் கண் முதலில் போவது மருந்தை அடைத்து வாங்கும் முறைமேல்தான். வேளைவாரியாகப் பொட்டலம் கட்டி வந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. அது பாதிதான் சரி. ஒவ்வொரு முறையும் ஒரு வகைப் பிழையை வெளியே தள்ளிவிட்டு இன்னொரு வகையை உள்ளே விடுகிறது. அதனால் உங்கள் இல்லத்தில் பிழை எங்கே நடக்கிறது என்று தெரிந்த பிறகுதான் முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். பிரிட்டனில் 55 பராமரிப்பு இல்லங்களில் 256 முதியவர்களின் மருந்துகளைப் பரிசோதித்து 2009-இல் வெளியான ஆய்வில், பத்தில் ஏழு பேருக்குக் குறைந்தது ஒரு பிழையாவது இருந்தது. மருத்துவர் எழுதியதில், மருந்தகத்தில் கட்டியதில், இல்லத்தில் கொடுத்ததில், ரத்தப் பரிசோதனை பார்க்கத் தவறியதில் என்று எல்லாக் கட்டத்திலும் பிழை இருந்தது. அடைப்பு முறையை மாற்றினால் இவற்றில் ஒன்றிரண்டு கட்டங்கள்தான் மாறும்.

முடிவு செய்ய வேண்டியவை உண்மையில் மூன்று: மருந்து எதில் அடைத்து வர வேண்டும், அதை எங்கே வைத்துக் கொடுப்பது, கொடுத்ததை எதில் பதிவது. மூன்றையும் தனித்தனியாக முடிவு செய்தால் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும்.

அசல் பெட்டி

உற்பத்தியாளரின் பெட்டியும் அட்டையும் அப்படியே வரும். மேலே முதியவரின் பெயர், அளவு, வேளை அச்சிட்ட மருந்தகச் சீட்டு ஒட்டியிருக்கும். செவிலியர் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, பதிவேட்டோடு ஒப்பிட்டு, மாத்திரையைப் பிதுக்கி, பெட்டியைத் திரும்ப வைக்கிறார். நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் அந்த நேரம் வீணாவதில்லை. எடுக்கும்போது ஒரு முறை, பிதுக்கும்போது ஒரு முறை, திரும்ப வைக்கும்போது ஒரு முறை என்று மருந்தின் பெயரையும் வலிமையையும் மூன்று முறை பார்க்கும் பழக்கம் இந்த முறையில் தானாகவே படிந்துவிடுகிறது. காலாவதித் தேதியும் தொகுப்பு எண்ணும் கையிலேயே இருக்கின்றன. மாத்திரை தரையில் விழுந்தால் அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் நடுங்கும் கைகள் நிறைந்த இல்லத்தில் தினமும் நடப்பது.

பிழை பிறப்பது எடுக்கும் இடத்தில். ஒரே மருந்தின் 2.5 மில்லிகிராமும் 5 மில்லிகிராமும் ஒரே நிறப் பெட்டியில் வரும். ஹைட்ராலசைன், ஹைட்ராக்சிசைன் போலக் காதுக்கும் கண்ணுக்கும் ஒன்றாகப் படும் பெயர்கள் அடுத்தடுத்து அடுக்கப்பட்டிருக்கும். இந்த மாதம் வந்த உற்பத்தியாளர் வேறு, போன மாதம் வேறு என்றால் இரண்டு பெட்டியும் இரண்டு மருந்து என்று நினைத்து இரண்டையும் கொடுத்துவிடுவதும் உண்டு. ஒருவருடைய மருந்து தீர்ந்துபோனால் பக்கத்து அறைக்காரரின் பெட்டியிலிருந்து கடன் வாங்கும் பழக்கமும் இந்த முறையில்தான் வேர்விடும். அதை முளையிலேயே கிள்ள வேண்டும். கடன் கொடுத்த பெட்டியில் கணக்கு உதைக்கும், வாங்கியவரின் பதிவில் எந்த வலிமை போனது என்பது தெரியாமல் போகும்.

இந்த முறையின் பெரிய பலம் மாற்றத்தைத் தாங்குவது. மருத்துவர் இன்று மாலை அளவைப் பாதியாக்கினால் பதிவேட்டில் மாற்றினால் போதும், பெட்டியில் ‘அளவு மாறியது, பதிவேட்டைப் பார்க்கவும்’ என்று ஓர் ஒட்டுச்சீட்டு. மருந்தகச் சீட்டில் பேனாவால் அடித்துத் திருத்துவது மட்டும் கூடாது. மூன்றாம் நாள் வருகிறவருக்கு எது பழையது, எது புதியது, யார் அடித்தார் என்று எதுவும் விளங்காது.

மாத அட்டை

ஒரு மருந்துக்கு ஓர் அட்டை, 28 அல்லது 30 குமிழ்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வேளை மாத்திரை. காலை, மதியம், இரவு என்று வேளைக்கு ஒரு நிறம். செவிலியர் இன்றைய எண் உள்ள குமிழை அழுத்தினால் மாத்திரை கிண்ணத்தில் விழும். மருந்தகத்தில் ஒரு முறை சரிபார்த்து அடைத்தது, இல்லத்தில் இன்னொரு முறை பார்த்துப் பிதுக்குவது என்று இரண்டு வடிகட்டி.

இதன் சிறப்பு, கணக்கு கண்ணுக்கே தெரிவது. பதினொன்றாம் தேதி காலை வேளைக்கு முன் பத்துக் குமிழ்கள் காலியாக இருக்க வேண்டும். ஒன்பது காலியாக இருந்து பதிவேட்டில் பத்துக் கையெழுத்து இருந்தால் யாரோ கொடுக்காமலே கையெழுத்திட்டிருக்கிறார். பதினொன்று காலியாக இருந்தால் ஒரு வேளை கூடுதலாகப் போயிருக்கிறது, அல்லது கீழே விழுந்ததற்கு மாற்று எடுத்ததை எழுதவில்லை. அசல் பெட்டியில் இதைக் கண்டுபிடிக்கக் கூட்டிக் கழிக்க வேண்டும். மேற்பார்வையாளர் வாரம் ஒருமுறை ஐந்து அட்டைகளை எடுத்துப் பார்த்தாலே இல்லத்தின் நிலை புரிந்துவிடும்.

கெடுவது எப்படி? அவசரத்தில் இன்றைய குமிழுக்குப் பதில் நாளைய குமிழை அழுத்திவிடுவது. மறுநாள் வருகிறவர் அன்றைய குமிழ் காலியாக இருப்பதைப் பார்த்து ‘கொடுத்தாகிவிட்டது’ என்று நகர்ந்துவிடுவார். குமிழைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, பதிவேட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதை இந்த முறைக்கு மாறும் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். கீழே விழுந்ததற்கு மாற்று வேண்டுமென்றால் அடுத்த குமிழைத் தொடாமல் அட்டையின் கடைசிக் குமிழிலிருந்து எடுத்து, பதிவேட்டில் காரணம் எழுதி, மருந்தகத்துக்கு ஒன்று குறைவு என்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் மாதக் கடைசியில் அந்த ஒரு வேளை இல்லாமல் போகும்.

மாத நடுவில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் அட்டையின் எண்ணும் தேதியும் பொருந்தாது. இடைக்காலத்துக்கு அடுத்த சுழற்சி தொடங்கும்வரைக்கான குமிழ்கள் மட்டும் அடைத்த சிறு அட்டை கேட்டு வாங்குவது நல்லது. நுண்ணுயிர்க்கொல்லி மாதிரி ஐந்து நாள், ஏழு நாள் மருந்துகளை இந்தச் சுழற்சிக்குள் திணிக்கவே வேண்டாம். தேவைப்படும்போது மட்டும் கொடுக்கும் மருந்துகளும் அப்படித்தான், அசல் பெட்டியிலேயே இருக்கட்டும்.

வேளைப் பொட்டலம்

இயந்திரம் கட்டும் சுருள். ஒரு பொட்டலத்தில் ஒருவருடைய ஒரு வேளை மாத்திரைகள் எல்லாம் இருக்கும். மேலே பெயர், தேதி, நேரம், உள்ளே என்னென்ன மாத்திரை என்ற பட்டியல். கிழித்து, பெயர் பார்த்து, கொடுத்துவிடலாம். எட்டுப் பெட்டியைத் திறந்து மூடும் வேலை ஒரு கிழிப்பில் முடிகிறது. முதல் பத்தியில் சொன்ன 150 நிமிடம் கணிசமாகக் குறையும். மருந்து மாறாமல், மாத்திரை மட்டுமே சாப்பிடுகிற, விழுங்குவதில் சிரமம் இல்லாத முதியவர்கள் அதிகம் இருக்கும் இல்லத்துக்கு இதைவிட வசதியானது கிடையாது.

ஆனால் மருத்துவர் ‘இன்றிலிருந்து இந்த மாத்திரையை நிறுத்துங்கள்’ என்று சொல்லும் நாளில் நிலைமை தலைகீழ். பொட்டலத்தில் ஆறு மாத்திரைகள், அவற்றில் மூன்று வெள்ளை, வட்டம். எதை எடுத்து எறிவது? மீதமுள்ள பத்து நாளுக்கும் செவிலியர் தினம் இந்தச் சோதனையில் தேற வேண்டும். ஒரு நாள் தவறினால் நிறுத்த வேண்டியது உள்ளே போகும், கொடுக்க வேண்டியது குப்பைக்குப் போகும். அதைவிட மோசம், இரண்டு பிழைகளும் ஒன்றாக நடந்தும் மாத்திரை எண்ணிக்கை சரியாகவே இருக்கும், யாருக்கும் தெரியாது. ஆகவே விதி கறாராக இருக்க வேண்டும்: பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுக்கும் வேலை இல்லத்தில் கிடையாது. சுருள் முழுவதும் திரும்பப் போய், அன்றைக்கே புதிய சுருள் வர வேண்டும். மருந்தகம் விடுமுறை நாளிலும் அதைச் செய்து தருமா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வராதவரை இந்த முறையில் கையெழுத்திட வேண்டாம்.

இதே காரணத்தால், கொடுப்பதற்கு முன் எதையாவது அளந்து பார்க்க வேண்டிய மருந்துகள் பொட்டலத்துக்குள் போகக் கூடாது. நாடித்துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கும் இதய மருந்து டைகாக்சின், ரத்த அழுத்தம் பார்த்துக் கொடுக்க வேண்டியவை, உணவு இறங்காத நாளில் தவிர்க்க வேண்டிய சர்க்கரை மாத்திரைகள், ஐ.என்.ஆர். என்ற ரத்த உறைவுப் பரிசோதனையின் முடிவுக்கேற்ப அளவு மாறிக்கொண்டே இருக்கும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எல்லாம் இந்த வகை. முதியவர் ‘அந்தச் சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை மட்டும் வேண்டாம், இன்று வெளியே போகிறேன்’ என்று மறுத்தாலும் அதே சிக்கல்தான்.

தனியே விழுங்க வேண்டியவையும் சேராது. எலும்புத் தேய்வுக்கான அலெண்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில், ஒரு குவளை வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் சாயாமல் உட்கார வேண்டும், அதுவரை உணவோ வேறு மருந்தோ கூடாது. தைராக்சினை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுத்து, கால்சியம், இரும்பு மாத்திரைகளிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். இவற்றைக் ‘காலை 8 மணி’ பொட்டலத்தில் கட்டிவிட்டால் எல்லோருக்கும் சரியாகக் கொடுத்தாயிற்று என்று பதிவு சொல்லும், மருந்து மட்டும் வேலை செய்யாது.

வேறு சில மருந்துகள் எந்த மறு அடைப்பையும் தாங்காதவை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் டாபிகாட்ரான் காப்ஸ்யூல் ஈரம் பட்டால் கெடும், அதன் சொந்த அடைப்பை விட்டு வெளியே எடுத்து வைக்கக் கூடாது. வலிப்பு மருந்தான சோடியம் வால்ப்ரோயேட் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் ஆவியாகும் தன்மையுள்ளது, அதன் கண்ணாடிக் குப்பியிலேயே இருக்க வேண்டும். வாயில் வைத்ததும் கரையும் மாத்திரைகளும் அவற்றின் படலத்தைக் கொடுக்கும் நேரத்தில்தான் உரிக்க வேண்டியவை. மாத அட்டைக்கும் இந்தப் பட்டியல் பொருந்தும்.

மெத்தோட்ரெக்சேட் பற்றி ஒரு வரி தனியாகச் சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்கு இது வாரம் ஒரு முறை மட்டும். தினமும் கொடுத்து உயிர் போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. எந்த முறையைத் தேர்ந்தாலும் இது தனிப் பெட்டியில் இருக்கட்டும். பதிவேட்டில் கிழமையின் பெயர் எழுதி, மற்ற ஆறு நாள் கட்டங்களையும் குறுக்குக் கோடிட்டு அடைத்துவிட வேண்டும்.

இல்லத்து ஊழியரே வாரப் பெட்டியில் மாத்திரைகளைப் பிரித்து நிரப்பி வைக்கும் முறையும் சில இடங்களில் உண்டு. வீட்டில் ஒருவர் தன் மருந்தைத் தானே அப்படி வைத்துக்கொள்வது வேறு. முப்பது பேருக்கு ஒரு செவிலியர் இரவு ஷிப்டில் உட்கார்ந்து நிரப்புவது, மருந்தகச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தன் நினைவை நம்புவதற்குச் சமம். இது பரிசீலிக்க வேண்டிய தேர்வே அல்ல. பெயர் எழுதிய கிண்ணங்களில் முன்கூட்டியே போட்டு வைப்பதும் அப்படித்தான்.

எந்த அடைப்பிலும் அடங்காதவை

முறையைத் தேர்வு செய்யும் கூட்டங்களில் பேச்சு முழுக்க மாத்திரையைச் சுற்றியே நடக்கும். அதே பிரிட்டன் ஆய்வின் தரவுகளை வைத்து 2011-இல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. அடைத்து வந்த மாத்திரையோடு ஒப்பிட்டால், அடைக்காத மாத்திரையில் கொடுக்கும்போது பிழை நேரும் வாய்ப்பு விகிதம் சுமார் இரண்டு மடங்கு. ஆனால் திரவ மருந்தில் நான்கு மடங்குக்கு மேல், பூச்சு, ஒட்டுப்பட்டை, ஊசி மருந்துகளில் 19 மடங்குக்கு மேல், இன்ஹேலரில் 33 மடங்குக்கு மேல். அடைப்பு முறைக்குச் செலவிடும் கவனத்தில் பாதியை இவற்றுக்குக் கொடுத்தால் பலன் அதிகம் என்பதே இதன் பொருள்.

இன்ஹேலரில் நடப்பது இதுதான்: குலுக்காமல் அழுத்துவது, இரண்டு முறை என்றால் மூச்சு விடாமல் அடுத்தடுத்து அழுத்துவது, முதியவர் இழுப்பதற்கு முன்பே மருந்து நாக்கில் படிந்துவிடுவது. இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாயை வைத்தால் கை அழுத்துவதும் மூச்சு இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டிய கட்டாயம் போய்விடும். ஓர் அழுத்து, நிதானமான மூச்சு, முடிந்தால் பத்து நொடி அடக்கி வைத்தல், அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி குலுக்கல், இரண்டாவது அழுத்து. ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையேல் வாயில் பூஞ்சை வரும். இதை வரிசையின் நடுவே ஒரு நிமிடத்தில் செய்ய முடியாது. இன்ஹேலர் உள்ளவர்களைச் சுற்றின் தொடக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

திரவத்துக்கு வாய்வழி சிரிஞ்சுதான் சரி, கரண்டி வேண்டாம். மருந்துத் துகள் அடியில் படியும் தொங்கல் திரவத்தைக் குலுக்காமல் ஊற்றினால் மாதத் தொடக்கத்தில் நீர்த்ததும் மாதக் கடைசியில் செறிவானதும் போகும். வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினில் இது வலிப்பாகவோ தள்ளாட்டமாகவோ வெளிப்படும்.

ஒட்டுப்பட்டையில் பெரும் பிழை, புதியதை ஒட்டிப் பழையதை எடுக்க மறப்பது. கடும் வலிக்கான ஃபெண்டனில் பட்டை 72 மணி நேரத்துக்கு, மறதி நோய்க்கான ரிவாஸ்டிக்மைன் பட்டை 24 மணி நேரத்துக்கு. இரண்டு பட்டை ஒன்றாக இருந்தால் அளவு இரட்டிப்பாகும். பதிவேட்டில் ‘ஒட்டியாயிற்று’ என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தால் இந்தப் பிழையைத் தடுக்கவே முடியாது. ‘பழையது எடுத்த நேரம்’, ‘புதியது ஒட்டிய இடம்’ என்று இரண்டு கட்டமும் உடல் வரைபடமும் வேண்டும். ரிவாஸ்டிக்மைனை ஒரே இடத்தில் 14 நாளுக்குள் மறுபடி ஒட்டக் கூடாது. ஃபெண்டனில் பட்டைமேல் வெந்நீர்ப் பை, மின்கம்பளி எதுவும் படக் கூடாது, சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும். எடுத்த பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும், பசைப் பக்கம் உள்ளே வர மடித்து, கணக்கோடு அழிக்க வேண்டும்.

இன்சுலினில் ‘யூனிட்’ என்று முழுச் சொல்லாக எழுதுங்கள். ‘யூ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைச் சுழியமாகப் படித்துப் பத்து மடங்கு ஏற்றிய பிழை உலகெங்கும் தெரிந்தது. பேனா திறந்த தேதியை அதன் உடலிலேயே எழுத வேண்டும். பெரும்பாலானவற்றுக்குத் திறந்த பின் 28 நாள், சிலவற்றுக்கு 42 அல்லது 56 நாள். திறக்காதவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில். உறைந்துபோனது, உருகிய பிறகும் பயன்படாது. கண் சொட்டுகளுக்கும் திறந்த பின் பொதுவாக 28 நாள்தான், இரண்டு வகைச் சொட்டு இருந்தால் நடுவே ஐந்து நிமிடம்.

விழுங்க முடியாதவர்களுக்கு மாத்திரையைப் பொடிப்பதா, வேறு வடிவம் கேட்பதா என்பதும் ஒரு தேர்வுதான். அதில் பொடிப்பதுதான் கடைசி வழி. பெயரின் பின்னே எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.எல். என்று வருபவை மெல்ல மெல்ல இறங்க வேண்டியவை. பொடித்தால் ஒரு நாள் முழுவதற்குமான மருந்து ஒரே மணியில் இறங்கும். மார்ஃபினில் அது மூச்சை நிறுத்தும், நிஃபெடிபினில் ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். டாபிகாட்ரான் காப்ஸ்யூலைத் திறந்து கொட்டினால் உடலில் சேரும் அளவு 75 சதவீதம் கூடும். உணவுக் குழாய் வழியாகக் கொடுப்பதென்றால் ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாக, நடுவில் தண்ணீர் விட்டுக் கழுவிச் செலுத்த வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கினால் குழாய் அடைபடும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: விழுங்கச் சிரமப்படுவோருக்காகத் தண்ணீரைக் கெட்டியாக்கும் மாவுச்சத்துப் பொடியோடு மேக்ரோகால் மலமிளக்கியைக் கலந்தால் கெட்டித்தன்மை போய் நீர்த்துவிடும். புரையேறாமல் இருக்கச் செய்த ஏற்பாடே புரையேற்றும்.

வண்டியா, அறைப் பெட்டியா

வண்டி என்றால் எல்லாம் ஓரிடத்தில், கணக்கெடுப்பது எளிது, ஒரு சாவி. ஆனால் வண்டி நிற்பது நடைவழியில். உறவினர் கேள்வி கேட்பார், தொலைபேசி ஒலிக்கும், யாரோ கழிவறைக்கு அழைப்பார். ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், மருந்து கொடுக்கும்போது நேரும் ஒவ்வோர் இடையூறுக்கும் மருந்துப் பிழை 12.7 சதவீதம் கூடியது. ‘தொந்தரவு செய்யாதீர்’ என்று எழுதிய மேலங்கி ஓரளவுக்குத்தான் உதவும். மருந்துச் சுற்று நேரத்தில் தொலைபேசியையும் அழைப்பு மணியையும் கவனிக்க இன்னோர் ஆளைப் பெயர் குறித்து நியமிப்பதுதான் வேலை செய்யும்.

ஒவ்வோர் அறையிலும் பூட்டிய பெட்டி என்றால் இடையூறு குறையும், அடுத்தவர் மருந்து கைக்கு வரும் வாய்ப்பும் குறையும். முதியவர் தன் அறையில், சாயாமல் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து விழுங்குவதைப் பார்க்க முடியும். எதிர்ப்பக்கம், பெட்டியை எங்கே பொருத்துகிறோம் என்பது முக்கியம். குளியலறைச் சுவர், வெயில் விழும் ஜன்னலோரம், சூடேற்றியின் மேல் என்றால் மருந்து வெந்துபோகும். பெரும்பாலான மருந்துகள் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டியவை. உணவுக்கூடத்திலேயே காலைப் பொழுதைக் கழிக்கும் முதியவர்கள் அதிகம் என்றால், அறைப் பெட்டி முறையில் செவிலியர் மாத்திரையைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு நடைவழியெல்லாம் தேடுவார். அதுவும் முன்கூட்டியே போட்டு வைப்பதற்கு ஒப்பானதே.

மார்ஃபின், ஃபெண்டனில் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகள் எந்த முறையிலும் மையத்தில், இரட்டைப் பூட்டில் இருக்க வேண்டும். ஷிப்ட் மாறும் ஒவ்வொரு முறையும் வருகிறவரும் போகிறவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். சாவியை வாங்கிய பிறகு எண்ணுவது தலைகீழ்: எண்ணிய பிறகுதான் சாவி கை மாற வேண்டும்.

தாளா, திரையா

தாள் பதிவேட்டின் பெரிய குறை காலிக் கட்டம். கொடுக்கவில்லையா, கொடுத்துவிட்டுக் கையெழுத்திட மறந்தாரா என்பது அடுத்தவருக்குத் தெரியாது. ‘இருக்கட்டும்’ என்று மறுபடி கொடுத்தால் இரட்டை அளவு. இதற்குத் தீர்வு இரண்டே விதிகள்: ஒன்று, முதியவர் விழுங்கியதைப் பார்த்த பிறகே கையெழுத்து, சுற்று முடிந்து மொத்தமாக அல்ல; இரண்டு, கொடுக்காத ஒவ்வொன்றுக்கும் மறுத்தார், வாந்தி, தூக்கம், மருந்து இல்லை என்று ஒரு குறியீடு. மாதந்தோறும் புதிய தாளுக்குக் கையால் பெயர்த்தெழுதுவது இன்னொரு ஓட்டை. எழுதியவர் ஒருவர், மூலச் சீட்டோடு ஒப்பிடுபவர் இன்னொருவர் என்று இருவர் கையெழுத்து வேண்டும். அரை மில்லிகிராம் என்றால் 0.5 என்று எழுத வேண்டும், .5 என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகும். ஐந்து என்றால் 5 மட்டும். 5.0 என்பது 50 ஆகிவிடும்.

மின்னணுப் பதிவேடு காலிக் கட்டத்தை விடாது. கொடுக்க வேண்டிய நேரம் தாண்டினால் சிவப்பாகும், பாராசிட்டமாலுக்கு நான்கு மணி நேரம் ஆகவில்லை என்றால் தடுக்கும். பார்கோடு இருந்தால் தவறான பெட்டியை எடுத்ததும் ஒலிக்கும். ஆனால் பார்கோடு பெட்டியைத்தான் சரிபார்க்கிறது, ஆளை அல்ல. மறதி நோய் உள்ளவரிடம் ‘நீங்கள் இன்னாரா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றே பதில் வரும். பெயரைச் சொல்லிக் கேட்காமல், அண்மையில் எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிட வேண்டும். சேர்ந்த நாளில் எடுத்த படம் இரண்டு வருடத்தில் முகத்தோடு பொருந்தாமல் போகும்.

கருவியின் எச்சரிக்கைகள் அளவுக்கு மீறினால் விரல் தானாகவே ‘சரி’யை அழுத்திவிடும். இணைப்பு மெதுவாக இருந்தால் எல்லார் பார்கோடையும் ஒரே தாளில் அச்சிட்டு மேசையில் ஒட்டிக்கொண்டு அதையே ஸ்கேன் செய்யும் குறுக்கு வழி பிறக்கும். அப்படி ஒரு தாள் கண்ணில் பட்டால் ஊழியரைத் திட்டுவதற்கு முன் இணைப்பைச் சரிசெய்யுங்கள். மின்சாரம் போகும் நாளுக்காகத் தினமும் ஒரு முறை அன்றைய பதிவேடு அச்சாகி ஒரு கோப்பில் இருக்க வேண்டும்.

வேளைப் பொட்டலத்தோடு மின்னணுப் பதிவேடு சேரும்போது ஒரு பொருத்தமின்மை வரும்: திரையில் ஆறு மருந்து ஆறு வரி, கையில் ஒரே பொட்டலம். ஆறையும் ஒரே தொடுதலில் ‘கொடுத்தாயிற்று’ என்று அழுத்தும் வசதி இருந்தால், ஒன்றைத் துப்பிவிட்ட செய்தி பதிவாகாது. வாங்குமுன் செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.

நான்காவது தேர்வு: மருந்தையே குறைப்பது

எல்லா முறைகளையும் ஒப்பிட்டுவிட்டு இதை விட்டுவிடுவதுதான் வழக்கம். முதியவர்களுக்குப் பொருந்தாத மருந்துகளின் பட்டியலான பியர்ஸ் அளவுகோல் 1991-இல் உருவானதே முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்காகத்தான். நிறுத்த வேண்டியதை மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து நிறுத்தினால், நாளுக்கு மூன்று வேளையை ஒரு வேளையாக்க முடிந்ததை ஆக்கினால், காலைச் சுற்று எந்தக் கருவியும் இல்லாமலே சுருங்கும்.

எல்லா மருந்தையும் எட்டு மணியில் குவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மருத்துவமனைகளுக்காக ஐ.எஸ்.எம்.பி. என்ற அமெரிக்க அமைப்பு 2011-இல் தந்த வழிகாட்டுதலில், நேரம் பிசகக் கூடாதவற்றுக்கு முன்பின் 30 நிமிடமும், நாளில் பல வேளை தருபவற்றுக்கு ஒரு மணி நேரமும், நாளுக்கு ஒன்றோ வாரத்துக்கு ஒன்றோ தருபவற்றுக்கு இரண்டு மணி நேரமும் இடம் கொடுத்திருக்கிறார்கள். இதை வைத்துச் சுற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா, உணவோடு ஒட்டிய இன்சுலின் முதலியவை முதலில், நாளுக்கு ஒரு வேளை மருந்துகள் நிதானமாகப் பிறகு. லெவோடோபா ஒரு மணி நேரம் தாமதமானால் கை கால் விறைத்து, உணவையே விழுங்க முடியாமல் போகும்.

எதை எடுப்பது

மருந்து அடிக்கடி மாறும் இல்லம், அதாவது மருத்துவமனையிலிருந்து திரும்புவோர், இறுதிக்காலப் பராமரிப்பில் இருப்போர், குறுகிய காலம் தங்குவோர் அதிகம் என்றால், அசல் பெட்டியும் அறைப் பெட்டியும் சேர்ந்த ஏற்பாடுதான் குறைவாகச் சறுக்கும். நேரம் கூடும், அதற்கு ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் இதைத் தேர்ந்தால் கிண்ணத்தில் முன்கூட்டியே போட்டு வைக்கும் பழக்கம் பின்வாசல் வழியாக வந்துவிடும்.

மருந்து மாதக்கணக்கில் மாறாத, நடமாடும் முதியவர்கள் நிறைந்த இல்லத்துக்கு வேளைப் பொட்டலம் பொருந்தும். நிபந்தனை, மேலே சொன்ன விலக்குகள் தனியாக வர வேண்டும், சுருள் அன்றைக்கே மாற வேண்டும். ஒரு மாதத்தில் எத்தனை முறை மருந்து மாறியது என்று கடந்த மூன்று மாதப் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். முப்பது பேரில் வாரம் மூன்று, நான்கு மாற்றம் என்றால் பொட்டலம் சேமித்துக் கொடுத்த நேரத்தைத் திரும்ப அனுப்பும் வேலையே தின்றுவிடும்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பெரும்பாலான இல்லங்களுக்கு மாத அட்டைதான் எங்கள் தேர்வு. ஒரு மருந்தை நிறுத்தினால் ஓர் அட்டையை எடுத்தால் போதும், மற்றவை அப்படியே ஓடும். கணக்கு கண்ணுக்குத் தெரியும். பதிவேடு தாளில் இருந்தாலும் சமாளிக்கலாம், பிறகு திரைக்கு மாறினாலும் ஒரு மருந்துக்கு ஒரு வரி, ஓர் அட்டை என்று பொருந்தும்.

மாறுவதென்று முடிவானால் அடைப்பையும் பதிவேட்டையும் ஒரே மாதத்தில் மாற்ற வேண்டாம். ஒரு பகுதியில் உள்ள பத்துப் பேரோடு தொடங்கி நான்கு வாரம் ஓட்டுங்கள். மாறும் நாளுக்கு முந்தைய மாலை பழைய பெட்டிகளை எண்ணி, எழுதி, பூட்டி, மறுநாள் காலைச் சுற்றுக்கு முன் மருந்தகத்துக்குத் திருப்பிவிட வேண்டும். பழைய பெட்டியும் புதிய அட்டையும் ஒரே வண்டியில் ஒரு வேளை ஒன்றாக இருந்தால்கூட, விடுப்பு முடிந்து திரும்பும் செவிலியர் இரண்டிலிருந்தும் கொடுத்துவிடுவார்.